போர்டு இல்லாமலே வழி தெரியும்: திருவண்ணாமலையில் கிருஷ்ணதேவராயர் வைத்த அடையாளம்

கீழே கடைகள், நடுவில் ஆபீஸ், மேலே ஃபுட் கோர்ட். இப்படியொரு ஐடி வளாகத்துக்கு முதல் நாள் போனால் லிஃப்டைத் தேடியே பாதி நேரம் போயிடும். திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயில் சுமார் 25 ஏக்கர். சன்னதிகள், குளங்கள், மண்டபங்கள், மடப்பள்ளி எல்லாம் ஒரே மதிலுக்குள். ஆனாலும் கிழக்கு வாசல் எதுன்னு அங்கே யாரும் கேட்பதில்லை. 217 அடி ராஜகோபுரம் தூரத்திலேயே சொல்லிவிடும்.

அதைத் தொடங்கியவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். தளபதியாக இருந்து அதிகாரத்தைப் பிடித்த நரச நாயக்கரின் மகன். 1509-ல் அரியணை ஏறினார். அடுத்த சில ஆண்டுகள் பெரும்பாலும் போர்க்களம்தான். கஜபதி மன்னரிடமிருந்து உதயகிரி, கொண்டவீடு கோட்டைகளைப் பிடித்தார். வென்ற கையோடு கோயில் கோயிலாகப் போய் வாரி வழங்கினார். காளஹஸ்தி, சிதம்பரம், காஞ்சிபுரம் கோபுரங்களில் அவர் பெயர் இருப்பது இதனால்தான்.

திருவண்ணாமலை திருப்பணி 1516-17 வாக்கில் நடந்தது. அங்கே கோபுரத்தோடு நிற்கவில்லை. ராஜகோபுரம் வழியாக உள்ளே நுழைந்தால் வலப்பக்கம் ஆயிரங்கால் மண்டபம், இடப்பக்கம் சிவகங்கைத் தீர்த்தம். இரண்டுமே அவர் திருப்பணிகள். திருவிழாக் கூட்டத்துக்கு ஒரு பக்கம், தண்ணீருக்கு ஒரு பக்கம், நடுவில் சாமிக்குப் போகும் பாதை. நேரே நடந்தால் வல்லாள கோபுரம், அடுத்து கிளி கோபுரம், பிறகு கொடிமரம், கருவறை. உள்ளே போகப் போக கோபுரங்கள் சின்னதாகிக்கொண்டே வரும். எவ்வளவு தூரம் வந்துட்டோம்னு உயரமே கணக்குச் சொல்லும்.

ஐநூறு ஆண்டு முன்னால் ராஜராஜன் தஞ்சையில் செய்தது இதற்கு நேர் எதிர். அங்கே 216 அடி உயரம் கருவறைக்கு மேலே. வாசல் கோபுரங்கள் குள்ளம். பின்னால் வந்த சோழ, பாண்டியர் காலத்திலேயே உயரம் வாசலுக்கு நகர ஆரம்பித்துவிட்டது. ராயர் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். வழிகாட்டும் எண்ணத்தில்தான் கட்டினார் என்று சொல்ல முடியாது. பேரரசின் பெருமையும் பக்தியும்தான் முதல் நோக்கமாக இருந்திருக்கும். பலன் என்னவோ வழி தேடுகிறவனுக்கு.

அவருடைய கடைசிக் காலம் நல்லபடியாக இல்லை. இளவரசர் திருமலை 1524-ல் இறந்தான். விஷம் வைத்ததாகச் சந்தேகப்பட்டு, தன்னை ஆளாக்கிய அமைச்சர் திம்மரசுவின் கண்களையே ராயர் பறித்ததாகச் சொல்வார்கள். 1529-ல் ராயரும் போனார். திருவண்ணாமலைக் கோபுரம் அப்போது முடிந்திருக்கவில்லை. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு அவர் தலைநகரமே சூறையாடப்பட்டு இடிபாடானது.

11 நிலைக் கோபுரத்தை முடித்தது தஞ்சை நாயக்கர் செவ்வப்பர். தெற்கில் திருமஞ்சன கோபுரம், மேற்கில் பேய் கோபுரம், வடக்கில் பெண் துறவி ஒருவர் பிச்சையெடுத்துக் கட்டிய அம்மணி அம்மன் கோபுரம். நாலு திசைக்கும் நாலு பெயர். ஊருக்குள் வழி கேட்டால் இன்றும் ஆட்டோக்காரர் வடக்கு, மேற்கு என்று சொல்வதில்லை. பேகோபுரத் தெரு என்பார்.