குடும்ப முகங்களும் ஒரு பொதுவாழ்வும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உள்ள பழைய இல்லங்களின் கூடத்தில், சட்டமிட்ட குடும்ப நிழற்படங்கள் வரிசையாகத் தொங்கக் கண்டிருப்போம். படத்தில் முகம் தெரியும். அம்முகம் பிறிதோர் உயிரின் வாழ்வை எவ்வாறு மாற்றியது என்பது தெரியாது. சென்னை மாகாணச் சட்டசபையின் முதற்பெண் உறுப்பினராகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் குடும்பத்தாரை ஒவ்வொரு முகமாக நோக்கின், அவர் செய்த அறங்கள் ஒவ்வொன்றிற்கும் ஓர் உறவே வித்தாக அமைந்தமை புலனாகும்.

முதல் முகம் தந்தையுடையது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராய் விளங்கிய நாராயணசாமி ஐயர், இசை வேளாளர் மரபில் வந்த சந்திரம்மாளை மணந்தமையால் சுற்றத்தாரால் ஒதுக்கப்பட்டார். இவ்விருவர்க்கும் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அம்மையார் பிறந்தார். ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா எனப் பலர் எதிர்த்தபோதும், மன்னரின் ஒப்புதலால் இடம் கிடைத்தது. பின்னர்ச் சென்னைக்கு வந்த அவர், 1907இல் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார்.

அடுத்த முகம் கணவருடையது. 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது, தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அம்மையார் உடன்பட்டார். அக்காலத்தில் இத்தகைய உறுதியைக் கேட்கத் துணிந்த பெண்கள் அரியர்.

தாயின் முகமே சட்டசபையில் அவரைப் பேச வைத்தது எனின் மிகையாகாது. நியமன உறுப்பினராய் நுழைந்த அவரை, 1927இல் அவை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தாய்வழி மரபைப் பேசாது மறைத்திருப்பின் அவர்க்கு எவ்வித இழப்பும் நேர்ந்திராது. ஆயினும், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவரே முன்வந்தார். பழமை போற்றுவோர் எதிர்த்தனர். தம் கலையும் வாழ்வும் பறிபோகுமென அஞ்சித் தேவதாசியருள்ளும் ஒரு சாரார் எதிர்த்தனர். கோயிற்பணிக்கென விடப்பட்ட மானிய நிலங்களை அப்பணியினின்று விடுவிக்கும் திருத்தம் 1929இல் நிறைவேறியது. வழக்கத்தையே தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. முஸ்லிம் மாணவியர்க்கு விடுதி அமைய வேண்டுமென்பதிலும் அவர் பெரிதும் அக்கறை காட்டினார்.

காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். பதவி போயினும் பணி போகவில்லை. பொட்டுக்கட்டும் வாழ்வினின்று தப்பி வந்த இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். விடுதிகளில் அவர்கட்கு இடம் கிட்டவில்லை. தம் இல்லத்திலேயே அடைக்கலம் தந்தார். அவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம்; பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றது. குருதியுறவு இல்லாத அப்பெண்களும் அன்று முதல் அவர் குடும்பத்தினராயினர்.

இன்னொரு முகம் தங்கையுடையது. 1923இல் புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது. மருத்துவராயிருந்தும் காக்க இயலாத துயரம் அம்மையாரின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முயன்ற பின், 1952இல் நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதற்கே தம் வாழ்நாளை அளித்தார். 1955இல் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021இல் மறையும் வரை அப்பணியைத் தொடர்ந்தார்.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி அம்மையார், 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் இயற்கை எய்தினார். தம் வீட்டில் நேர்ந்த துயரை வீட்டோடு புதைத்துவிடாமல், அது பிறர் வீட்டில் நேராதிருக்க வழி தேடியதே அவர்தம் வாழ்வின் சாரம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்துச் சுவரிலும் பாட்டியார் ஒருவரின் மங்கிய படம் இருக்கக்கூடும். அவர் கற்க விரும்பியும் கல்லாதது யாது, பெற வேண்டியும் பெறாதது யாது எனப் பெரியோரிடம் கேட்டறியுங்கள். நீங்கள் ஆற்ற வேண்டிய பணி அவ்விடையிலேயே இருத்தல் கூடும்.