ஒளியோடு விளையாடிய கலைஞர் லயனல் வென்ட் (1900–1944)

கொழும்பில் லயனல் வென்ட் என்றதும் எம்மவருக்கு நினைவுக்கு வருவது ஒரு நாடக மண்டபம். 1960களிலும் 70களிலும் தமிழ் நாடகங்கள் பல அங்கே மேடையேறின. ஆனால் அப்பெயருக்குரியவர் யாரென்று கேட்டால், நாடகம் பார்த்து வந்தவர்களே விழிப்பதைக் கண்டிருக்கிறேன். அன்னார் சைவருமல்லர், தமிழருமல்லர். எனினும் இத்தீவின் மண்ணையும் மனிதரையும் கமராவினால் அவரளவுக்கு அன்போடு பார்த்தவர் வேறெவருமிலர் என்பது அடியேனின் துணிபு. ஆகையால் இம்மலரில் அவருக்கும் ஓரிடம் தருகின்றோம்.

1900 டிசெம்பர் 3ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் ஹென்றி லொறன்ஸ் வென்ட், பறங்கியர் சமூகத்தவர், உயர் நீதிமன்ற நீதியரசர். வழக்குக் கட்டுகளுக்கு நடுவிலும் படமெடுப்பதில் மோகங்கொண்டு, இலங்கையின் ஆரம்பகால நிழற்படச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராக விளங்கினார். தாயார் த சேரம் என்ற சிங்களக் குடும்பத்தவர். சட்டமும் கலையும் ஒரே வீட்டில் குடியிருந்தன. மகனிடம் வென்றது கலைதான்.

1919இல் சட்டம் பயில இலண்டன் சென்றவர், அங்கே றோயல் இசைக் கழகத்தில் பியானோவும் கற்றார். 1924இல் வழக்கறிஞராகத் திரும்பினாரேயன்றித் தொழிலில் நிலைக்கவில்லை. பியானோக் கச்சேரிகள் நடத்தினார், கலை விமர்சனம் எழுதினார், கண்டி நடனக் கலைஞர்களை ஆதரித்தார். 1929இல் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்பில் இருந்த கவிஞர் பாப்லோ நெருடாவும் அவருடைய நண்பர்களில் ஒருவர்.

தந்தையாரின் கலையை அவர் முழுமூச்சாகக் கைக்கொண்டது 1930களிலேதான். 1934இல் நண்பர்களோடு சேர்ந்து இலங்கை நிழற்படச் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டில் பசில் றைற் இங்கு எடுத்த 'சோங் ஒவ் சிலோன்' என்ற திரைப்படத்துக்கு உதவியதோடு, அதில் ஒலிக்கும் குரலும் அவருடையதே. அவர் வாசித்தது 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்த நொக்ஸ், எமது அருவியாற்றங்கரைக் காடு வழியாகத்தான் அரிப்புக்குத் தப்பியோடினார் என்பதை வன்னி வாசகர்களுக்கு இவ்விடத்தில் நினைவூட்ட விரும்புகின்றேன்.

வென்ட் படம் பிடிப்பதோடு நின்றவரல்லர். இருட்டறையில் தாமே படங்களைக் கழுவி அச்சிட்டார். இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரு படமாக்குவார். கழுவும்போது இடைநடுவில் ஒரு கணம் வெளிச்சம் படவிட்டு, உருவங்களின் ஓரத்தில் கோடிழுத்தாற்போன்ற விளிம்பை வரவழைப்பார். ஒரு விநாடி தவறினால் படம் பாழ். பியானோவில் பழகிய விரல்களுக்கு அந்தக் காலக்கணக்கு கைவந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். மீனவர், உழவர், நடனக்காரர், பொலன்னறுவைக் கற்சிலைகள் என்று அவர் எடுத்த படங்கள், 1938இல் லைக்கா கமராவைத் தயாரித்த லைற்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

1943 ஓகஸ்ட் 29ஆம் திகதி, ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலான ஓவியர்கள் அவருடைய வீட்டிற்கூடி '43 குழு'வை அமைத்தனர். தாம் ஓவியரல்லராயினும் அவர்களை ஒன்றுசேர்த்தவர் வென்ட். மறுவருடம் டிசெம்பர் 19ஆம் திகதி, நாற்பத்து நான்காவது வயதில் காலமானார்.

அதன் பின் நடந்ததே மனதை வருத்துவது. அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. நெகட்டிவ் போனால் அதிலிருந்து இனி ஒரு பிரதியும் எடுக்க முடியாது. இதன் பொருளை வன்னியிலே விளக்கத் தேவையில்லை. 2008, 2009 இடப்பெயர்வுகளில் கலியாண அல்பங்களையும், செத்துப்போன பெற்றாரின் ஒரேயொரு படத்தையும் தொலைத்த குடும்பங்கள் எத்தனை! படம் எடுத்த ஸ்டூடியோவுமில்லை, நெகட்டிவுமில்லை. ஒரு பிரதி பிழைத்த வீடென்றால், அது வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு முன்னரே அனுப்பியிருந்த பிரதியாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

வென்டின் படங்களும் அவ்வாறே, அவர் கையால் அச்சிட்ட பிரதிகளாகவே பிழைத்தன. அவற்றைக் கொண்டு 1950இல் இலண்டனில் ஒரு நூல் வெளியாயிற்று. அவர் வாழ்ந்த வீடிருந்த கில்ட்போர்ட் கிரசென்ட் காணியில் 1953இல் அரங்கு திறக்கப்பட்டது. நூற்றாண்டையொட்டி 2000ஆம் ஆண்டில் நினைவு நூலொன்று வந்தது. 2017இல் அப்பிரதிகள் ஏதென்ஸ், காசெல், ஆம்ஸ்டர்டாம் நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன.