ஆல்பிரட் வெர்னர்

ஈப்போவைச் சுற்றியிருந்த இரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. 1950களில் மலாயாத் தோட்டங்களில், பால் கூடுதலாக வடிவதற்காக 2,4,5-டி என்னும் குளோரின் கலந்த மருந்தை மரப்பட்டையில் பூசினர். களைக்கொல்லியாகவும் அது பயன்பட்டது. அதைத் தயாரிக்கும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகும் என்பது பின்னரே பரவலாகத் தெரியவந்தது. எளிதில் அழியாத இத்தகைய குளோரின் நச்சுகளைச் சிதைக்க, அறிவியலாளர்கள் இன்று உலோக அணைவுச் சேர்மங்களை நாடுகின்றனர். அச்சேர்மங்களின் அமைப்பைச் சரியாக விளக்கியவர் ஆல்பிரட் வெர்னர்.

வெர்னர் 1866இல் அல்சேஸ் பகுதியின் முல்ஹவுஸ் நகரில் பிறந்தார். 1871இல் அப்பகுதி பிரான்சிடமிருந்து ஜெர்மனியின் வசமானது. ஆயினும், அவர் வீட்டில் பிரெஞ்சு மொழியே ஒலித்தது. உயர்கல்விக்காக அவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குச் சென்றார்.

அந்நாளில் கோபால்ட்டும் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த வண்ண உப்புகள் வேதியியலாரைக் குழப்பின. ஒவ்வோர் உப்பிலும் ஒரு கோபால்ட்டுக்கு மூன்று குளோரின்கள் இருந்தன. ஆனால், வெள்ளி நைத்திரேட்டைச் சேர்த்தால் மஞ்சள் உப்பில் மூன்றும் வெண்ணிற வீழ்படிவாக வெளிவரும். ஊதாச் சிவப்பு உப்பில் இரண்டுதான் வரும். பச்சை உப்பிலோ ஒன்றே ஒன்று. மற்றவை எங்கே போயின?

ஒரு நாள் பின்னிரவு 2 மணிக்கு விழித்த வெர்னருக்கு விடை தோன்றியது. மாலை 5 மணிவரை எழுதினார். கோபால்ட்டைச் சுற்றி ஆறு இடங்கள் உள்ளன. அவற்றில் அமர்ந்த குளோரினை உலோகம் விடாது. வெளியே நிற்பது மட்டுமே பிரிந்து வரும். 1893இல் இக்கருத்தை வெளியிட்டபோது அவருக்கு வயது 26.

டென்மார்க் அறிஞர் யோர்கென்சன் இதை ஏற்கவில்லை. அவர் பல்லாண்டுகள் உழைத்து அவ்வுப்புகளை ஆராய்ந்தவர்; வெர்னரோ அப்போது அவற்றைத் தம் கையால் செய்து பார்த்தவர் அல்லர். ஆகவே, அந்த மறுப்பில் நியாயம் இருந்தது. வெர்னர் கோபித்துக்கொள்ளாமல் ஆய்வுக்கூடத்தில் இறங்கினார். தம் கோட்பாட்டின்படி இருந்தே ஆகவேண்டிய ஓர் உப்பை 1907இல் உருவாக்கிக் காட்டினார். யோர்கென்சனும் ஒப்புக்கொண்டார். 1913இல் வெர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் நோய்வாய்ப்பட்டு, 1919இல் தமது 52ஆம் வயதில் காலமானார்.

2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் இரும்பு அணைவுச் சேர்மத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கொண்டு, நீரில் கலந்த குளோரோபீனால் நச்சுகளைச் சில நிமிடங்களில் சிதைத்தனர். நச்சிலிருந்த குளோரினின் பெரும்பகுதி, சமையல் உப்பில் உள்ள அதே குளோரைடாக நீரில் கரைந்து நின்றது.