செக்கிழுத்த சட்டத்தரணி

கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கப்பல் ஓட்டிய ஒரு மனிதரை, 1908ஆம் ஆண்டு கோயம்புத்தூர் சிறைச்சாலை மாடு செய்ய வேண்டிய வேலையில் பூட்டியது. அவர் வ.உ.சிதம்பரம்பிள்ளை.

1872 செப்டெம்பர் 5ஆம் திகதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., தந்தையைப் போலவே சட்டத்தரணியானார். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளுக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து அப்போது பிரித்தானிய இந்தியக் கம்பனி ஒன்றின் பிடியில் இருந்தது. அதை உடைக்க 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய், பங்கொன்றின் விலை 25 ரூபாய். கடை வைத்திருந்தவர்களும் பங்கு வாங்கினார்கள். ஆரம்பத்தில் வாடகைக்கு எடுத்த கப்பலை ஓட்டிய சங்கம், பின்னர் காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்களை வாங்கியது. போட்டிக் கம்பனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது.

1908இன் தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. தலைமை தாங்கினார். தொழிலாளர் வென்றனர். மார்ச் 12ஆம் திகதி அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கலவரத்தில் மூழ்கியது. ஜூலை 7ஆம் திகதி, இராஜத் துரோகத்துக்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு ஒன்று என இரண்டு ஆயுள் தண்டனைகளை நீதிபதி பின்ஹே விதித்தார். மேன்முறையீடுகளில் அது ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது.

அரசியல் கைதி என்ற தனி மதிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. திருடனுக்கும் கொலைகாரனுக்கும் உரிய உடையும் உணவும் வேலையுமே அவருக்கும் கிடைத்தன. முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றும் வேலை. பேனா பிடித்துப் பழகிய கைகளின் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. அதன் பிறகு கொடுத்ததுதான் எண்ணெய்ச் செக்கு. மாட்டுக்குப் பதிலாக மனிதனைப் பூட்டி, வெயிலில் வட்டம் வட்டமாகச் சுற்ற வைத்தார்கள். சிறையில் வேலை என்பது எண்ணெய் எடுப்பதற்காக மட்டும் ஒதுக்கப்படுவதில்லை. கைதி தன்னை யாரென்று நினைத்திருக்கிறானோ அதை மறக்கச் செய்வதற்காகவும் ஒதுக்கப்படுகிறது. இந்த வேதனைகளை வ.உ.சி. பின்னாளில் செய்யுளில் எழுதிய தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் அவர் தன்னை மறக்கவில்லை. சிறை கொடுத்த வேலை முடிந்ததும் தானே எடுத்துக்கொண்ட வேலை தொடங்கும். ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் அலனின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். செய்யுள்கள் இயற்றினார். திருக்குறளில் தோய்ந்தார். வெளியே அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் குழந்தைகளுடன் வறுமையோடு போராடிக்கொண்டிருந்தார்.

1910இன் இறுதியில் கண்ணனூர் சிறைக்கு மாற்றப்பட்ட வ.உ.சி., 1912 டிசெம்பரில் விடுதலையானார். அவரைக் கொண்டாட ஊர் திரண்டு வரவில்லை. வந்த சிலரில் ஒருவர் சுப்பிரமணிய சிவா. சிறையில் பற்றிய தொழுநோயால் அவருடைய உருவமே மாறியிருந்தது. சுதேசிக் கம்பனி ஏற்கனவே கலைக்கப்பட்டு, கப்பல்கள் விற்கப்பட்டிருந்தன. சட்டத் தொழில் செய்யும் உரிமையும் போயிருந்தது. சென்னையில் சிறு வியாபாரங்கள் செய்து குடும்பத்தைக் காத்தார்.

வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் பல ஆண்டுகளின் பின் அந்த உரிமை மீண்டும் கிடைத்தது. நன்றி மறவாத வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். குறளின் அறத்துப்பாலுக்கு உரை எழுதினார். 1936 நவம்பர் 18ஆம் திகதி தூத்துக்குடியில் காலமானபோதும் கடன் தீர்ந்திருக்கவில்லை.

அவர் இழுத்த செக்கு இன்று நினைவுச் சின்னம். அதைப் பார்ப்பவர்கள் அவருடைய உடல் பட்ட பாட்டை நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய தண்டனை வெளியே காத்திருந்தது: கப்பலும் இல்லை, தொழிலும் இல்லை, கூட்டமும் இல்லை. செக்கடி வேலை ஒரு நாள் முடிந்தது. இந்தத் தண்டனையை அவர் நீண்ட காலம் சுமந்தார்.