இமயம் சேர்ந்த ருஷ்யப் பெரியார் நிகோலாய் ரோரிக்

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் வாழும் நம் அன்பர்களுள் சந்திரகிரி இராஜமகாலைக் காணாதார் சிலரே இருப்பர். விஜயநகர மன்னர்களின் பிற்காலத் தலைநகர்களுள் ஒன்றாயிருந்த அவ்வூரில், மரத்துண்டு ஒன்றும் சேர்க்காது கல்லும் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு எழுப்பிய அம்மூன்றடுக்கு மாளிகை இன்றும் நிற்கிறது. அரசர் போயினர், அரசும் போயிற்று. இன்று தொல்பொருள் துறையினர் அதனைக் காட்சிசாலையாக வைத்துக் காத்து வருகின்றனர். காளாஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் முதலிய ஜமீன்கள் விளங்கியதும் பழைய சித்தூர் மாவட்டத்திலேதான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஜமீன் முறை ஒழிந்தது. மாளிகை கட்டியவன் ஒருவன், வாழ்ந்தவன் ஒருவன், காப்பவன் ஒருவன் என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

ருஷ்ய நாட்டிலும் இதுவே நடந்தது. அங்கே பிரபுக்களும் செல்வரும் நாட்டுப்புறத்தில் பண்ணை மாளிகைகள் அமைத்து வாழ்ந்தனர். 1917ஆம் ஆண்டுப் புரட்சியின்போது அவற்றுள் பல கொளுத்தப்பட்டன, சில பள்ளிகளாகவும் அநாதை விடுதிகளாகவும் மாறின, சில பொருட்காட்சிசாலைகளாயின. அத்தகைய மாளிகையொன்றில் வளர்ந்து, அனைத்தையும் இழந்து, நம் இமயத்தின் மடியிலே வீடு கண்டு, அவ்வீட்டையும் உலகத்தார் காணும் காட்சிசாலையாக விட்டுச் சென்ற ஒருவரின் வரலாற்றையே நாம் ஈண்டுக் கூறப் புகுகின்றோம். அவரே ஓவியப் பெரியார் நிகோலாய் ரோரிக்.

ரோரிக் 1874ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9ஆம் நாள் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் கான்ஸ்டன்டின் பத்திரங்களுக்குச் சான்றளிக்கும் நோட்டரி அலுவல் பார்த்தவர். நகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இஸ்வாரா என்னும் பண்ணை அவர்களுக்கு இருந்தது. அப்பெயர் நம் ஈசுவரன் என்னும் சொல்லோடு ஒத்தொலிப்பதை எண்ணி ரோரிக் பிற்காலத்தில் மகிழ்ந்ததுண்டு. மொழியறிஞர் அதனை அந்நிலத்துப் பழங்குடியின் சொல்லென்றே கொள்வர். அம்மாளிகைச் சுவரில் பனிமலை ஒன்றின் படம் தொங்கியது. சிறு பிள்ளையாயிருந்தபோது அதனையே பார்த்துக்கொண்டிருந்த அவர், அது கஞ்சன்ஜங்கா சிகரம் என்பதைப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே அறிந்தார்.

இஸ்வாராவைச் சூழ்ந்த காடுகளில் பண்டைக்கால இடுமேடுகள் பல உண்டு. அங்கே ஆராய வந்த அறிஞர் ஒருவரோடு திரிந்து, பத்து வயது நிரம்பு முன்பே ரோரிக் மண்ணைக் கிளறிப் பழம்பொருள் தேடும் வித்தையைக் கற்றார். தந்தை மகனை வழக்கறிஞனாக்க விரும்பினார். மகனோ ஓவியனாக விரும்பினான். 1893இல் சட்டப் படிப்பிலும் ஓவியக் கழகத்திலும் ஒருங்கே சேர்ந்து, இரண்டையும் முடித்துத் தந்தை மனத்தையும் தம் மனத்தையும் நிறைவு செய்தார். 1897இல் அவர் தீட்டிய தூதன் என்னும் ஓவியத்தை மாஸ்கோவில் புகழ்பெற்ற சித்திரசாலை நிறுவிய டிரெட்யாகோவ் விலை கொடுத்து வாங்கினார். அவ்வோவியத்தின் நிழற்படத்தை டால்ஸ்டாய் பெருமானிடம் கொண்டு காட்டியபோது, விரைந்தோடும் ஆற்றைக் கடக்கும் ஓடக்காரன் சேரவேண்டிய துறைக்கு மேலாகவே ஓடத்தைச் செலுத்த வேண்டும் என்ற கருத்துப்பட அவர் அறிவுரை கூறினார் என்று ரோரிக் பின்னர் எழுதி வைத்தார். அவர் வாழ்வு முழுவதற்கும் இவ்வுரை பொருந்தும்.

1899இல், பழம்பொருள் ஆராய்ச்சியில் ஈடுபாடுடைய புட்யாட்டின் என்னும் பிரபுவின் பொலோகோயே பண்ணை மாளிகையில், ஹெலேனா ஷப்போஷ்னிகோவா என்னும் மங்கையை ரோரிக் சந்தித்தார். 1901இல் மணம் நடந்தது. இதற்கிடையே தந்தையார் மறைந்தார். இஸ்வாராவும் 1900இல் கைமாறிப் போயிற்று. 1903, 1904ஆம் ஆண்டுகளில் இருவரும் ருஷ்ய நாட்டின் பழைய நகரங்களைச் சுற்றிப் பார்த்தனர். கோட்டைகளும் கோயில்களும் கூரை சிதைந்து, சுவரில் செடி முளைத்துக் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக ரோரிக் வண்ணத்தில் தீட்டினார். முன்னோர் தந்த செல்வத்தைக் காவாத மக்கள் தம் பின்னோர்க்கு ஒன்றும் தரவியலாது என்னும் எண்ணம் அப்போதே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

ஸ்மோலென்ஸ்க் நகருக்கு அண்மையில் டாலாஷ்கினோ என்றொரு பண்ணை உண்டு. அதன் தலைவியான டெனிஷேவா சீமாட்டி அங்கே குடியானவப் பிள்ளைகளுக்குப் பள்ளியும், மரவேலை, பூவேலை கற்பிக்கும் தொழிற்சாலைகளும் நடத்தி வந்தார். அவர் எழுப்பிய கோயிலின் வாயில்மேல் ரோரிக் வரைந்த வடிவம் வண்ணச் சில்லுகளால் பதிக்கப்பட்டது. உள்ளே அவர் தீட்டிய சுவரோவியம் காரை உதிர்ந்து அழிந்தது. வாயிலின் மேலுள்ளது இன்றும் நிலைத்திருக்கிறது. இசைப்புலவர் ஸ்டிராவின்ஸ்கியோடு சேர்ந்து, 1913இல் பாரிஸில் அரங்கேறி உலகை வியக்க வைத்த வசந்த வழிபாடு பற்றிய நாட்டிய நாடகத்துக்கு அவர் வித்திட்டதும் அப்பண்ணையிலேதான். அப்பண்ணையும் இன்று காட்சிசாலையாய் விளங்குகிறது.

பௌத்தராகிய நாம் சிறப்பாக நினைவுகூரவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஜார் சக்கரவர்த்தியின் தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கில் பகவான் புத்தருக்குக் கோயில் எழுப்ப, புரியாத்திய நாட்டுத் துறவியான அக்வான் தோர்ஜியேவ் முயன்றார். எதிர்ப்புகள் பல எழுந்தன. எனினும் 1909இல் பணி தொடங்கி 1915இல் நிறைவெய்தியது. அத்திருப்பணிக் குழுவில் ரோரிக்கும் ஓர் உறுப்பினர். பிற்காலத்தில் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் வேறு காரியங்களுக்குப் பயன்பட்ட அக்கோயில், 1990இல் மீண்டும் பௌத்தர் கைக்கு வந்தது.

1916இன் இறுதியில் நுரையீரல் நோயினால் ரோரிக் பின்லாந்துப் பகுதிக்குச் சென்று தங்கினார். புரட்சிக்குப் பின் எல்லை அடைபட்டது. வீடு, சேர்த்து வைத்த கலைப்பொருள்கள், பதவி அனைத்தும் அக்கரையில் நின்றுவிட்டன. மனைவியோடும், யூரி, ஸ்வெதோஸ்லாவ் என்னும் இரு மைந்தரோடும் 1919இல் இலண்டன் சேர்ந்தார். 1919இல் மதனபள்ளியில் தங்கிச் சென்ற இரவீந்திரநாத் தாகூர், மறு ஆண்டு இலண்டனில் ரோரிக்கைக் கண்டு அளவளாவினார். இந்தியா செல்லவேண்டும் என்ற அவா வளர்ந்தது. ஆயினும் வழி அமெரிக்கா சுற்றியே அமைந்தது. அங்கே புகழும் பொருளும் குவிந்தன. நியூயார்க்கில் அவர் பெயரால் ஒரு காட்சிசாலையும் தோன்றியது.

1923ஆம் ஆண்டு டிசம்பரில் குடும்பத்தார் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினர். அங்கிருந்து டார்ஜிலிங் சென்று, சுவரிலே படமாகக் கண்ட கஞ்சன்ஜங்காவை நேரிற் கண்டார் ரோரிக். 1925இல் சென்னைக்கு வந்து, அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு ஓர் ஓவியத்தை அன்பளிப்பாகத் தந்தார். அவ்வாண்டே காஷ்மீரத்திலிருந்து மத்திய ஆசியப் பெரும்பயணம் புறப்பட்டது. லடாக், காரகோரம், கோத்தான், அல்தாய், மங்கோலியா, திபெத் என மூன்றாண்டு காலம் அப்பயணம் நீண்டது. முப்பத்தைந்து மலைக்கணவாய்களை அவர்கள் கடந்தனர். 1927ஆம் ஆண்டு இறுதியில் திபெத்து அதிகாரிகள் லாசாவுக்குச் செல்ல விடாது அவர்களைத் தடுத்து நிறுத்தினர். உயர்ந்த பீடபூமியில், கொடும்பனியில், கோடைக்குரிய கூடாரங்களில் ஐந்து திங்கள் கழிந்தன. உடன் வந்தோரில் ஐவர் மாண்டனர். சுமை விலங்குகளில் பெரும்பாலானவை மடிந்தன. 1928 மே மாதம் எஞ்சியோர் சிக்கிம் வந்து சேர்ந்தனர். அத்துன்பத்திடையே ரோரிக் புத்தர், மைத்திரேயர் திருவுருவங்களையும் மலைகளையும் தீட்டிக்கொண்டிருந்தார் என்பது வியப்பிற்குரியது.

அவருடைய கொள்கையைப் பற்றி நேர்மையாக ஒன்று கூறவேண்டும். அவரும் மனைவியாரும் புத்ததர்மத்தின்பால் பேரன்புடையவர்கள். ஹெலேனா அம்மையார் பௌத்தத்தின் அடிப்படைகளைப் பற்றி எழுதிய நூல் மங்கோலியாவில் வெளிவந்தது. ஆயினும் அவர்கள் பரப்பிய அக்னி யோகம் பிரம்மஞானமும் பல சமயக் கருத்துகளும் கலந்தது. பாலி நூல்களைப் பயின்ற நம்மனோர் அதனைப் பகவானின் போதனையென்று ஏற்கவியலாது. ஏற்காமலே அவருடைய தொண்டினை நாம் போற்றலாம்.

1928இன் இறுதியில் குலு பள்ளத்தாக்கிலுள்ள நக்கர் என்னும் சிற்றூருக்கு வந்து, மண்டி அரசருக்கு உரியதாயிருந்த மலை வீட்டை வாங்கிக் குடியேறினர். பியாஸ் நதியின் இடக்கரையில், தேவதாரு மரங்களிடையே, கல்லும் மரமும் கொண்டு கட்டிய வீடு அது. அருகே உருசுவதி என்னும் ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவி, மூலிகைகளையும் மொழிகளையும் பழம்பொருள்களையும் ஆராய்ந்தனர். ஆங்கில ஆட்சியினர் இவரை ஒற்றரென்று ஐயுற்றனர். 1930இல் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது நுழைவுரிமை கிட்டாமையால், தந்தையும் மூத்த மகனும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்து காத்திருந்தனர். அக்காலத்தையும் வீணாக்காது, நம் தமிழ் மண்ணில் முதுமக்கள் தாழிகளை அகழ்ந்து ஆராய்ந்தனர்.

ரோரிக்கின் தொண்டுகளுள் தலையாயது கலைச்செல்வங்களைக் காக்கும் உடன்படிக்கையாகும். போர்க்களத்தில் மருத்துவ விடுதியின்மேல் செஞ்சிலுவை பறப்பதுபோல, கோயில், காட்சிசாலை, பள்ளி இவற்றின்மேல் ஒரு கொடி பறக்கவேண்டும். போர்க்காலத்திலும் அமைதிக்காலத்திலும் அவற்றை ஒருவரும் தீண்டலாகாது என்று அவர் உலகத்தை வேண்டினார். வெண்ணிறத் துணியில், வட்டத்தினுள் மூன்று செம்புள்ளிகள். அதுவே அவர் வகுத்த அமைதிக்கொடி. 1935 ஏப்ரல் 15ஆம் நாள் வாஷிங்டனில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் இருபத்தொன்று அவ்வுடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. உலகப் போருக்குப் பின் 1954இல் ஹேக் நகரில் உருவான பெரிய உடன்படிக்கை இதனைத் தன் முன்னோடிகளுள் ஒன்றாகப் பெயர் சுட்டுகிறது.

உலகத்தின் காட்சிசாலைகளைக் காக்க வழிகண்டவர்க்குத் தம் காட்சிசாலையைக் காக்க முடியவில்லை. உடன்படிக்கை கைச்சாத்தான அதே 1935இல், பொருளுதவி செய்து வந்தவர்களோடு வழக்குண்டாகி, நியூயார்க் காட்சிசாலையும் அதிலிருந்த நூற்றுக்கணக்கான ஓவியங்களும் அவர் கையை விட்டு நீங்கின. இஸ்வாரா, பீட்டர்ஸ்பர்க் இல்லம், நியூயார்க் மாளிகை என மும்முறை இழந்தார். அதன் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் நக்கரில் இருந்து நாள்தோறும் விடியலில் எழுந்து மலைகளைத் தீட்டினார். அவர் வாழ்நாளில் தீட்டியவை ஏறத்தாழ 7000 என்பர். அநித்தியம் என்பதை ஏட்டில் படிப்பார் பலர். அதனை அறிந்து தம் கடமையை விடாது செய்வார் சிலர்.

1942இல் ஜவாஹர்லால் நேருவும் திருமகள் இந்திராவும் நக்கர் வந்து விருந்தினராய்த் தங்கினர். போர் முடிந்ததும் தாய்நாடு திரும்ப ரோரிக் விழைந்தார். அது கைகூடுமுன், 1947 டிசம்பர் 13ஆம் நாள் நக்கரிலேயே உயிர் நீத்தார். வீட்டின் கீழ்ச்சரிவில் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் ஒரு கல் நிற்கிறது.

தந்தைக்குக் கிட்டாத வழி மைந்தர்க்குத் திறந்தது. திபெத்து மொழியில் பெரும்புலமை பெற்ற யூரி 1957இல் மாஸ்கோ சென்றார். தம்மபதத்தின் ருஷ்ய மொழிபெயர்ப்பு 1960இல் அவர் பதிப்பாசிரியராய் இருக்க வெளிவந்தது. பௌத்த நூல் வெளிவருவது அரிதாயிருந்த அந்நாட்டில் அது நிறைவேற, இலங்கைத் தூதராயிருந்த மலலசேகரப் பெருந்தகையும் துணைநின்றார். அவ்வாண்டு மே மாதமே யூரி மறைந்தார். இளையவர் ஸ்வெதோஸ்லாவ் நக்கர் வீட்டில் 1962இல் ஓவியக்கூடம் திறந்தார். 1992இல் அதற்கொரு அறக்கட்டளையும் அமைந்தது. இஸ்வாரா மாளிகையும் 1984இல் காட்சிசாலையாயிற்று. பிறந்த நாட்டிலும் இறந்த நாட்டிலும் அவர் வாழ்ந்த வீடுகள் இன்று மக்களுடைமை.

சித்தூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நம் அன்பர்க்கு இன்னொரு செய்தி. அந்நகரின் புறத்தே, கனகபுரா சாலையிலுள்ள தாதகுணிப் பண்ணை, ஸ்வெதோஸ்லாவும் அவர் துணைவியாரும் வால்டேரில் பிறந்த புகழ்பெற்ற நடிகையுமான தேவிகா ராணி அம்மையாரும் வாழ்ந்த இடம். 468 ஏக்கர் பரப்புள்ள அதனில், நறுமண எண்ணெய் தரும் மரங்களை வளர்த்தனர். மக்கட்பேறற்ற அவ்விருவரும் 1993, 1994ஆம் ஆண்டுகளில் மறைந்தபின் சொத்து வழக்குகள் எழுந்தன. கருநாடக அரசு 1996இல் சட்டமியற்றிப் பண்ணையை மேற்கொண்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. காப்பவர் இல்லையேல் கலைச்செல்வம் எத்துணை விரைவில் வழக்குப் பொருளாகிவிடும் என்பதற்கு இது சான்று.

ஆகவே நக்கருக்கோ இஸ்வாராவுக்கோ செல்லும் வாய்ப்புடையோர் சென்று காண்க. வாய்ப்பில்லாதோர் அதற்காக வருந்தவேண்டுவதில்லை. சந்திரகிரி அருகில் உள்ளது. நம் ஊர்களின் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் பழஞ்சிலைகளும் கல்வெட்டுகளும் கிடக்கின்றன. அவற்றின்மேல் பெயர் கீறாமலும், துணி துவைக்கும் கல்லாக்காமலும், கண்டவுடன் உரியவர்க்கு அறிவித்தும் காப்போமாயின், ரோரிக் பெரியார் நாட்ட விரும்பிய கொடியை நம் கையாலேயே நாட்டியவராவோம்.