திசையறிந்த லாம்டன்

அறியாத நிலத்தில் விரைந்து ஓடுபவனைவிடத் தான் நிற்கும் இடத்தை அறிந்து நடப்பவனே முன்னர்ச் சென்று சேர்வான். இவ்வுண்மையை விளையாட்டு வாயிலாகவே விளக்கும் நெடுந்தூரப் பந்தயம் ஒன்று மேல்நாடுகளில் உண்டு. அதில் ஓடுவோர் கையில் நிலப்படமும் திசைகாட்டியும் மட்டுமே இருக்கும். காட்டிலும் மேட்டிலும் குறிக்கப்பட்ட இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே தேடிக் கண்டு முடிவிடம் சேர்தல் வேண்டும். சுவீடன் நாட்டுப் படைப்பயிற்சியில் தோன்றிய இது, 1897 இல் நார்வே நாட்டில் பொதுமக்களுக்குரிய போட்டியாகவும் நடந்தது. இப்பந்தயத்தார்க்குப் படம் பிறரால் வரைந்து தரப்படுகிறது. ஆனால், திருத்தமான படமே இல்லாத ஒரு நாட்டில், படத்தை ஆக்கிக்கொண்டே இருபது ஆண்டுகள் நடந்த பெரியார் ஒருவர் உண்டு. அவர் புறப்பட்ட இடமோ, நம் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் விரைவிற் சென்று சேரத்தக்க பறங்கிமலை. அவரே வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தில், யார்க்ஷயர்ப் பகுதியில், எளிய குடும்பம் ஒன்றில் 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவர் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் இல்லாத இவருக்குக் கணிதமே துணையாயிற்று. 1781 இல் படையிற் சேர்ந்து வட அமெரிக்கா சென்றார். அங்கே சூரிய கிரகணம் ஒன்றைத் தக்க காப்பின்றி நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வை பழுதுற்றது. போர் முடிந்த பின்னரும் நெடுங்காலம் அந்நாட்டிலேயே தங்கி, அலுவல் ஒழிந்த நேரமெல்லாம் நூல்களோடு கழித்தார். நாற்பது வயதைக் கடந்த பின்னரே இந்தியா வந்தார். பலர் ஓய்வை எண்ணத் தொடங்கும் பருவத்தில் இவர்தம் வாழ்க்கைப்பணி தொடங்கிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1799 இல் மைசூர்ப் போர் மூண்டது. ஓர் இருண்ட இரவில் பேர்டு என்னும் தளபதியின் படை பாசறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. உடன் சென்ற லாம்டன் வானத்து மீன்களை நோக்கினார். படை வடக்கே செல்லாமல் தெற்கே, திப்பு சுல்தானின் படையை நோக்கிச் செல்வதை உணர்ந்தார். அதனைத் தளபதியிடம் எடுத்துரைத்தார். தளபதியோ விண்மீன்களின் உதவி தமக்கு வேண்டியதில்லை என்று முதலில் புறக்கணித்தார். பின்னர்த் திசைகாட்டியைப் பார்த்தபோது லாம்டன் கூற்றே மெய்யாயிற்று. படை திரும்பிற்று. தம்மினும் உயர்ந்தோர் வழி தவறும்போது அதனை அஞ்சாது கூறுதற்கு, உறுதியான அறிவும் உறுதியான நெஞ்சமும் ஒருங்கே வேண்டும் அன்றோ?

போர் முடிந்ததும், தென்னாட்டைக் கடற்கரை முதல் கடற்கரை வரை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை லாம்டன் அரசாங்கத்தாரிடம் அளித்தார். இதன் முறை எளிதே. நிலத்தின்மேல் ஒரு நேர்கோட்டை முதலில் மிகத் திருத்தமாக அளத்தல் வேண்டும். அக்கோட்டின் இரு முனைகளிலும் நின்று, தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், அக்குன்றின் தொலைவு கணக்கினால் விளங்கும். அவ்வாறு அறிந்த கோடே அடுத்த முக்கோணத்திற்கு அடியாகும். முதற்கோட்டிற் பிழை நேரின் நாடு முழுவதும் பிழைபடும்.

அம்முதற்கோடு பறங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றிற்கும் இடையே, ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்திற்கு அமைந்தது. 1802 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 ஆம் நாள் தொடங்கிய வேலை மே 22 ஆம் நாள் முடிந்தது. சென்னைக் கோடையின் கொடுமையை நாம் அறிவோம். அவ்வெயிலில், நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் நீட்டி, முக்காலிகளின்மேல் ஏற்றி, ஏறக்குறைய நானூறு முறை வைத்து வைத்து அளந்தனர். வெப்பத்தால் இரும்பு நீளுமாகலின், வெப்பமானிகளையும் உடன் வைத்துக் கணக்கைத் திருத்தினர். கோணம் அளத்தற்கு வேண்டிய, அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் கருவி வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. எனினும் அது கல்விக்குரிய கருவி என்றறிந்த அவர்கள் அதனைத் திருப்பி அனுப்பினர்.

1804 இல் பெங்களூரில் மற்றொரு கோட்டை நிலத்தில் அளந்து, கணக்கினாற் கண்ட நீளத்தோடு ஒப்பிட்டனர். நூறு மைலுக்கு அப்பாலும் வேறுபாடு ஒரு சாணளவுகூட இல்லை. பின்னர் மேல்கடல் வரை அளந்தபோது, பழைய படங்களில் 400 மைலாக இருந்த தென்னாட்டின் அகலம் 360 மைலே என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம் படத்தில் மட்டுமே இருந்ததாயிற்று!

1808 இல் தஞ்சையில் பெருந்துன்பம் நேர்ந்தது. சமவெளியில் குன்றுகள் இல்லாமையால் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் தியோடலைட்டை ஏற்றினர். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதி நெளிந்தது. பணி இத்தோடு முடிந்தது என்று பிறர் எண்ணியிருப்பர். லாம்டனோ பல வாரங்கள் அதனோடே இருந்து, ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, நெளிந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து நேராக்கி, மீண்டும் மலையேறினார்.

நிற்க. இவரைப் புகழுமிடத்து மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. இவ்வளவை கும்பினியாரின் ஆட்சிக்கும் படைக்கும் பயன்பட்டது. அன்றியும், கருவி சுமந்தும் காடு வெட்டியும் கொடிமரம் நட்டும் உழைத்த நம் நாட்டு மக்கள் பலர் காய்ச்சலால் மாண்டனர். அவர் பெயர்கள் எந்தப் படத்திலும் இல்லை. ஒரு கோட்டின் திருத்தத்தை வியக்கும் நாம், அக்கோட்டைச் சுமந்த தோள்களை மறப்போமாயின், நம் அறிவும் திசை தவறியதேயாகும்.

1818 இல் இப்பணி மாபெரும் முக்கோண அளவை என்னும் பெயர் பெற்றது. அவ்வாண்டில் ஜார்ஜ் எவரெஸ்டு துணைவராக வந்தார். 1823 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் நாள், வடக்கு நோக்கிய பயணத்திலேயே, இன்று மகாராட்டிரத்திலுள்ள இங்கன்காட்டில் லாம்டன் உயிர் துறந்தார். அவர் தொடங்கிய முக்கோணங்கள் பின்னர் இமயம் வரை சென்றன. உலகின் மிகவுயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டு உணர்த்தியவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். 1865 இல் அதற்கு எவரெஸ்டின் பெயர் வழங்கப்பட்டது. முதற்கோட்டை அளந்தவரைப் பலர் அறியார்.

மாணவ நண்பர்களே! ஒரு மாலை பறங்கிமலைப் படிகளில் ஏறித் தெற்கே நோக்குங்கள். அவ்வெளியில் இன்று வீடுகளும் அலுவலகங்களும் நெருங்கியுள்ளன. கோடு கண்ணுக்குத் தெரியாது. எனினும் அது அங்கே கிடந்தது என்று அறிந்து நோக்குவோர்க்கு ஒரு கேள்வி பிறக்கும்: நாம் விரைந்து ஓடுகிறோம், நாம் நிற்கும் இடத்தை முதலில் அளந்தோமா? பட்டம் பெற்று நாற்றிசையும் செல்லவிருக்கும் நமக்கு லாம்டனின் வாழ்க்கை விடுக்கும் வினா இதுவே.