நாடகக் கவிஞர் ஷேக்ஸ்பியர்

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் ஏவன் என்னும் ஆறு அமைதியாக ஓடுகின்றது. அதன் கரையில் அமைந்த சிறுநகர் ஸ்ட்ராட்போர்டு. உலகம் போற்றும் நாடகக் கவிஞராகிய வில்லியம் ஷேக்ஸ்பியர் தோன்றிய ஊர் அதுவே. 1564-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் அவ்வூர்த் தேவாலயத்தில் அவருக்கு ஞானநீராட்டு நடைபெற்றது. அவ்வாண்டுக் கோடையிலேயே கொள்ளைநோய் ஊருக்குள் புகுந்து பலரை மாய்த்தது. தொட்டிலிற் கிடந்த அக்குழவியை அது தீண்டாது விட்டது உலகின் நற்பேறு எனலாம்.

இளமை

தந்தையார் ஜான் ஷேக்ஸ்பியர் தோலைப் பதப்படுத்திக் கையுறை தைத்து விற்பவர். தாயார் மேரி ஆர்டன் நிலபுலம் உடைய குடியிற் பிறந்தவர். தந்தையார் தம் உழைப்பால் படிப்படியாக உயர்ந்து, 1568-இல் நகராட்சித் தலைவரானார். அந்நகரில் இலத்தீன் மொழி கற்பிக்கும் பள்ளி ஒன்று இருந்தது. ஷேக்ஸ்பியர் அங்கேதான் பயின்றிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் துணிபு. உரோமப் புலவர் ஓவிட் இயற்றிய உருமாற்றக் கதைகள் அக்காலப் பள்ளிகளில் பாடமாக விளங்கின. மானிடர் மரமாகவும் விலங்காகவும் மாறும் அக்கதைகள் பிற்காலத்தில் அவருடைய நாடகங்களுக்கு நல்ல உரமாயின.

செல்வம் நிலைத்து நிற்பதன்றே! சில ஆண்டுகளில் தந்தையார் கடனில் ஆழ்ந்தார். 1578-இல் மனைவியின் நிலத்தை ஈடு வைத்தார். நகராட்சி மன்றக் கூட்டங்களுக்கும் வராது ஒதுங்கினார். பல்கலைக்கழகம் சென்று பயிலும் வாய்ப்பு மகனுக்குக் கிட்டவில்லை. 1582-இல், தம் 18-ஆம் வயதில், ஷேக்ஸ்பியர் ஆன் ஹாத்தவே என்னும் மங்கையை மணந்தார். சுசன்னா என்னும் மகளும், பின்னர் ஹாம்னெட், ஜூடித் என்னும் இரட்டைக் குழந்தைகளும் பிறந்தனர். குடும்பச் சுமை இளந்தோளில் ஏறியது. அதன்பின் சில ஆண்டுகளில் அவர் இலண்டன் மாநகரை அடைந்து நடிகரானார்.

நாடக வாழ்வு

அந்நாளில் நடிப்புத் தொழிலுக்கு மதிப்பில்லை. பெருமகன் ஒருவனின் ஆதரவைப் பெறாத நடிகர், 1572-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாடோடிகளாகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். அரங்குகள் பெரும்பாலும் திறந்தவெளியில் அமைந்தவை. நாடகம் பிற்பகல் வெயிலில் நடைபெறும். பெண் வேடத்தைச் சிறுவர் புனைவர். ஒரு பென்னி கொடுத்தவர் நின்றுகொண்டே காண்பர். காட்சித் திரைகளோ விளக்கொளியோ இல்லை. இரவையும் நிலவையும் காட்டையும் கவிஞன் தன் சொல்லாலேயே படைத்துக் காட்டவேண்டும்.

அப்பணியில் ஷேக்ஸ்பியர் விரைவில் புகழ் பெற்றார். புகழைத் தொடர்ந்து பொறாமையும் வந்தது. 1592-இல், பட்டம் பெற்ற எழுத்தாளராகிய ராபர்ட் கிரீனின் பெயரில் ஒரு சிறுநூல் வெளிவந்தது. வெறும் நடிகன் ஒருவன் கற்றோருக்கு நிகராகக் கவி புனையத் துணிந்தானே என்று அது அவரை ஏளனம் செய்தது. மேலும் மேலும் எழுதுவதே அவர் அளித்த விடையாயிற்று. கொள்ளைநோயால் இலண்டன் அரங்குகள் நெடுநாள் மூடப்பட்டிருந்த காலத்திலும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. 1593, 1594-ஆம் ஆண்டுகளில் இரு நெடும்பாடல்களை வெளியிட்டார். 1594-இல் அரசவைப் பெருந்தலைவரின் ஆதரவு பெற்ற நாடகக் குழுவிற் பங்காளியானார்.

வேனில் இரவின் கனவு

ஏறத்தாழ 1595-ஆம் ஆண்டில் அவர் இயற்றிய இன்பியல் நாடகம் ‘நடுவேனில் இரவுக் கனவு’ என்பது. கதை கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் நிகழ்கின்றது. ஹெர்மியா என்னும் நங்கை லைசாந்தரைக் காதலிக்கின்றாள். தந்தையோ தெமீத்ரியஸ் என்பானையே மணக்குமாறு பணிக்கின்றார். மறுத்தால் மரணம், அல்லது வாழ்நாள் முழுதும் கன்னிமாடம் என்பது நகரின் சட்டம். காதலர் இருவரும் இரவோடிரவாகக் காட்டிற்கு ஓடுகின்றனர். தெமீத்ரியஸ் அவர்களைத் தேடிச் செல்ல, அவனையே விரும்பும் ஹெலனா அவன்பின் செல்கின்றாள்.

அக்காட்டில் தேவதைகளின் அரசன் ஓபரானும் அரசி டைட்டானியாவும் பூசலிட்டு நிற்கின்றனர். பூசலுக்குக் காரணம் இந்திய நாட்டுச் சிறுவன் ஒருவன். அவனைப் பெற்று இறந்த தாய் தன் அடியவள் ஆதலால் அவனைப் பிரியேன் என்கின்றாள் அரசி. அவளை வெல்ல எண்ணிய அரசன், காமவேளின் கணை பட்டுச் சிவந்த ஒரு மலரைக் கொணருமாறு பக் என்னும் குறும்புத் தேவதையை ஏவுகின்றான். அம்மலரின் சாற்றைத் துயில்வோர் இமையில் பிழிந்தால், விழித்தவுடன் காணும் உயிரின்மீது அவர் காதல் கொள்வர்.

ஹெலனாவின் துயர் கண்டு இரங்கிய ஓபரான், ஏதென்ஸ் உடை அணிந்த இளைஞன் கண்ணிலும் சாற்றைப் பிழியச் சொல்கின்றான். பக் உடையை மட்டுமே நோக்கி ஆளை மாற்றிவிடுகின்றான். பின்னர் தெமீத்ரியஸ் கண்ணிலும் சாறு வீழ்கின்றது. விளைவு யாது? ஹெர்மியாவைத் தொடர்ந்த இருவரும் இப்போது ஹெலனாவைத் தொடர்கின்றனர். உயிர்த்தோழியர் ஒருவரையொருவர் பழிக்கின்றனர்.

அதே காட்டில், மன்னன் தீசியஸின் மணவிழாவில் நடிப்பதற்காகத் தச்சர், நெசவாளர், தையற்காரர் முதலிய தொழிலாளர் அறுவர் நாடகம் ஒத்திகை பார்க்கின்றனர். அவர்களுள் பாட்டம் என்னும் நெசவாளியின் தலையைப் பக் கழுதைத் தலையாக மாற்றுகின்றான். மருந்தின் மயக்கில் விழித்த அரசி அவனையே அழகன் எனக் கொண்டாடுகின்றாள்! இறுதியில் ஓபரான் மயக்கைத் தீர்க்கின்றான். காதலர் உரியவரோடு இணைகின்றனர். மன்னன் சட்டத்தை விலக்கி மணத்தை ஏற்கின்றான்.

மணநாள் இரவில் தொழிலாளர் நாடகம் நடைபெறுகின்றது. ஒருவர் சுவராக நிற்கின்றார். சிங்க வேடம் பூண்டவரோ, மகளிர் அஞ்சுவரே என்று, தாம் உண்மைச் சிங்கம் அல்லர் என முதலிலேயே அறிவிக்கின்றார். நகைப்பு எழுகின்றது. அந்நாடகம் காணத் தகாதது என்று விழா அலுவலர் முன்பே தடுத்தார். எனினும் மன்னன் இசையவில்லை. எளியோர் அன்போடு அளிப்பது குறையுடையதாயினும் கொள்ளத்தக்கது என்பது அவன் கருத்து.

மாணவர்களே, இதனை எழுதியவர் யாரென எண்ணுங்கள். கையுறை தைத்தவரின் மகன். பட்டம் பெறாதவன் என்று இகழப்பட்டவர். கல்லாதார் கலையில் ஈடுபடுவதை எண்ணி அவர் நகைத்தார். ஆனால் அவர்களை இழிவு செய்யவில்லை. தேவதை அரசியைக் காணும் பேறு நாடகத்தில் மானிடருள் ஒரு நெசவாளிக்கே வாய்த்தது. உடையை நோக்கி ஆளை எடைபோட்ட தேவதையோ தவறிழைத்தது.

துயரும் புகழும்

1596-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவருடைய ஒரே மகன் ஹாம்னெட் 11-ஆம் வயதில் இறந்தான். இரண்டு திங்கள் கழித்து, தந்தையார் முன்பு விரும்பிய குலச்சின்னம் அரசுச் சார்பில் வழங்கப்பெற்றது. குடிக்குப் பெருமை வந்தது; அதனைத் தாங்க மகன் இல்லை. இத்துயரிலும் கவிஞர் தம் கடமையைக் கைவிடவில்லை. 1599-இல் அவர் குழுவினர் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் குளோப் அரங்கை எழுப்பினர். ஹாம்லெட், ஒத்தெல்லோ, லியர் மன்னன், மாக்பெத் ஆகிய பெரும் துன்பியல் நாடகங்கள் அடுத்த சில ஆண்டுகளில் தோன்றின.

1616-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்த ஊரிலேயே மறைந்தார். அப்போது அவர் நாடகங்களில் ஏறத்தாழப் பாதி அச்சேறாமலே கிடந்தன. ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல் என்னும் உடன் நடித்த தோழர் இருவர் முயன்று, 1623-இல் 36 நாடகங்களை ஒரே நூலாக வெளியிட்டனர். அவற்றுள் 18 நாடகங்கள் அதற்குமுன் அச்சு வடிவம் காணாதவை. அத்தோழர்தம் அன்பு இல்லையேல் மாக்பெத்தும் புயலும் நமக்குக் கிட்டாமலே போயிருக்கக்கூடும்.

நடுவேனில் இரவுக் கனவோ 1600-லேயே அச்சேறியது. அதனைப் படித்து மகிழ்ந்த ஜெர்மானிய இளைஞர் மெண்டல்சன், 1826-இல், தம் 17-ஆம் வயதில் அதற்கு இன்னிசை முகவுரை ஒன்று அமைத்தார். பின்னர் அவர் அந்நாடகத்திற்கென அமைத்த மணவிழா இசை இன்றும் மேலைநாட்டுத் திருமணங்களில் ஒலிக்கின்றது.

பட்டமும் குலமும் ஒருவரின் ஆற்றலுக்கு அளவுகோல் ஆகா. இகழ்ச்சிக்குச் சோராது, துயருக்கு ஒடுங்காது, ஏற்ற பணியைச் செவ்வனே ஆற்றியவர் ஷேக்ஸ்பியர். எளிய மாந்தரையும் அன்போடு நோக்கிய அவர் கண்ணே அவர் கவிதைக்கு ஒளி தந்தது.